மூன்றாம் அழைப்பு

அவன் நாற்காலியின் விளிம்பில் அமர்ந்திருந்தான்.

குடிவரவு அலுவலகத்தின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பாஸ்போர்ட்டுகள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று அவனுடையது. பதினொரு நாள்களுக்கு முன்னர், வேலை விசாவைப் புதுப்பிக்க வேண்டி, அவனே அதனை அங்குக் கொடுத்தான்.

அப்பொழுது தந்தை உயிரோடிருந்தார்.

சுவர்க் கடிகாரம் ஒன்பது மணி முப்பது நிமிடம் காட்டியது. விமானம் பதினொன்றேகாலுக்கு. பத்தேகாலுக்குள் சென்று சேராவிடில் ஏற்றமாட்டார்கள். இத்தீவிலிருந்து விமான நிலையத் தீவுக்குப் படகில் பத்து நிமிடம்.

இயற்பியல் ஆசிரியன் அவன். எத்தனை முறை கணக்குப் போட்டாலும் விடை ஒன்றாகவே வந்தது. பத்து மணி ஐந்து நிமிடத்திற்குள் இங்கிருந்து புறப்பட்டாக வேண்டும். திருவனந்தபுரத்தில் இறங்கி, கார் பிடித்து, உப்பளங்களைக் கடந்து வீடு சேர மாலை ஐந்தாகும். ஆறு மணிக்கு எடுத்துவிடுவார்கள்.

அவன் தலைமகன். கொள்ளி வைக்க வேண்டியவன்.

காலையில் அலுவலகக் கதவு திறந்ததும் முதல் ஆளாக ஏழாம் கவுண்டருக்கு ஓடினான். தம்பி அனுப்பிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் படத்தைத் தொலைபேசியில் காட்டினான். அங்கிருந்த பெண் இறந்தவரின் பெயரைக் கேட்டாள்.

தவசிமுத்து என்றான்.

அவள் திரையைப் பார்த்தாள். பின் அவனைப் பார்த்தாள்.

"இது உங்கள் பெயராயிற்றே?"

ஆம், தன் பெயர்தான் என்றான். இல்லை, தந்தையின் பெயர் என்றான். வரிசையில் பின்னால் நின்றவர் தோளை இடித்தார்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. ஊரில் எவருக்கும் அப்படியொன்று கிடையாது. அதுவரை தலைப்பெழுத்தாக மட்டும் நின்ற தந்தையின் பெயரை அவன் அக்கட்டத்தில் முழுமையாக எழுதினான். லிங்கதுரை என்ற அவனது பெயர் அன்றோடு பின்னுக்குப் போயிற்று. மூன்றாண்டுகளாக இத்தீவில் அவன் தவசிமுத்து. மாணவர்களுக்குத் தவசி சார்.

அதனைக் கேட்ட அன்று தந்தை தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தார். ரேஷன் அட்டையைத் தவிர வேறெங்கும் எழுதப்படாத பெயர் அது.

"ஏலே, எம்பேரச் சொல்லிக்கிட்டு அங்க எவம்லே பாடம் எடுக்கான்?"

பிறகு டீக்கடையில் இருந்தவர்கள் பக்கம் போனை உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும். அவர் குரல் தூரத்திலிருந்து கேட்டது.

"வாத்தியாரு தவசிமுத்து பேசுதாருடே!"

வேலையின்றி இருந்த இரண்டாண்டுகளும் அந்த டீக்கடையைக் கடக்கக் கூசி, குளத்தங்கரை வழியாகச் சுற்றி நடந்தவன் அவன்.

ஒன்பது ஐம்பது.

சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரே வரி. அதனை நீட்டினால் பாஸ்போர்ட் உடனே கைக்கு வரும். கோப்பும் உடனே மூடப்படும். விசா இன்றோடு முடிகிறது. அடுத்த வாரம் அவன் வகுப்பில் வேறொருவர் நிற்பார்.

காத்திருந்தால் இன்றே அழைப்போம் என்று அந்தப் பெண் கூறியிருந்தாள். எத்தனை மணிக்கு என்று கூறவில்லை. மூன்று முறை அழைத்தும் வராதவரின் கோப்பு திருப்பி அனுப்பப்படும் என்று சுவரில் எழுதியிருந்தது.

ஒன்பது ஐம்பத்தெட்டு.

கடிதத்தை வெளியே எடுத்தான். மடிப்பு வியர்வையில் ஊறியிருந்தது.

எழுந்தான்.

ஒரு பெயர் அழைக்கப்பட்டது. செவிலியர் உடையணிந்த ஒருத்தி ஓடிச்சென்று தன் பாஸ்போர்ட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அடுத்தது தன்னுடையதாக இருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

அமர்ந்தான்.

இன்னொரு பெயர்.

இன்னொன்று.

பத்து மணி ஏழு நிமிடத்தில் தம்பி அழைத்தான். அவன் குரலுக்குப் பின்னால் கொட்டுச் சத்தம்.

"அண்ணே, பிளேன் ஏறப் போயிட்டியா?"

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

"உனக்காண்டி ஒரு நா வச்சாச்சு. இனியும் வைக்க முடியாதுங்காவ. மொட்ட போட ஆளு வந்து நிக்கி. யாரு தலையன்னு கேக்காவ. ஒரு வார்த்த சொல்லுண்ணே."

கடிதம் இன்னும் கையில்தான் இருந்தது. கொடுப்பதற்கு எவரும் தடை சொல்லவில்லை. அவன்தான் கொடுக்கவில்லை.

"கொள்ளிய நீயே வையி" என்றான்.

தம்பி தொடர்பைத் துண்டிக்கவில்லை. இருவருக்கும் இடையில் கொட்டுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பத்து மணி ஒன்பது நிமிடம்.

கூரையோரத்து ஒலிபெருக்கி கரகரத்தது.

"தவசிமுத்து!"

அவன் அசையவில்லை.

ஏழாம் கவுண்டரின் பெண் எழுந்து நின்று, ஒரு பாஸ்போர்ட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். அறை முழுவதும் கண்களால் தேடினாள்.

"தவசிமுத்து!"

காதோடு ஒட்டியிருந்த தொலைபேசியில் தம்பியின் மூச்சு நின்றது. பின் வந்தது.

"அண்ணே... அங்க யாருண்ணே அப்பாவக் கூப்பிடுதது?"

மூன்றாம் முறை அழைத்தாள்.

அவன் கையை உயர்த்தினான்.