ஓடாத வண்டியின் சூடு

கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சூப் கடை போடுவதற்காக, சாராளும் அவள் கணவன் இக்னேஷியஸும் பழைய டிரெய்லர் ஒன்றை வாங்கினார்கள். வெள்ளானூரில் வீட்டு வாசலில் கற்கள்மேல் தூக்கி நிறுத்தி, சக்கரங்களை நடுக்குடமான ஹப்போடு கழற்றி, பேரிங்குகளைக் கழுவிப் புது கிரீஸ் அடைத்தார்கள். அன்று இரவு சக்கரங்கள் வீட்டுக்குள் இருந்தன.

காலையில் மாட்டினார்கள். சாராள் சக்கரத்தைச் சுழற்றச் சுழற்ற இக்னேஷியஸ் நட்டை இறுக்கினான். சக்கரம் பிடித்துக்கொண்டதும் சற்றுத் தளர்த்தினான். அவள் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். ஆட்டம் இல்லை. ஆனால் ஹப், வெகுதூரம் ஓடி வந்ததுபோல் கையைச் சுட்டது.

“இன்னாங்க இது? வண்டி இன்னும் நகரவே இல்லியே.”

“வெயிலா இருக்கும்” என்றான். வாசலுக்கு இன்னும் வெயில் வந்திருக்கவில்லை.

மறுபடி கழற்றி, கழுவி, கிரீஸ் அடைத்து, இறுக்கித் தளர்த்தினார்கள். அப்போதும் சுட்டது.

“சுட்டா சுடட்டும். இன்னிக்கி கடை போட்டே ஆவணும்” என்று சாராளே நட்டு கழலாமலிருக்கக் கம்பிப் பின் ஒன்றைச் செருகி மடக்கினாள்.

சாயங்காலம் ஆவடியில் முதல் ஆளாக ஒரு பெரியவர் வந்தார்.

“ஆட்டுக்கால் சூப் குடும்மா, நேத்து குடுத்த மாதிரியே.”

“நாங்க இன்னிக்கித்தாங்க கடையே போட்டுகீறோம்.”

“இன்னாம்மா, இதே வண்டி, நீங்க ரெண்டு பேரும்தானே ஊத்திக் குடுத்தீங்க?”

இக்னேஷியஸின் கரண்டி நின்றது. சாராள் அதை வாங்கி, கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தாள். அவர் நிதானமாகக் குடித்தார்.

“நேத்து இன்னும் நல்லா இருந்துச்சு. காரம் தூக்கலா.”

சாராள் மிளகுப்பொடியை அள்ளி அவர் கிண்ணத்தில் போட்டாள்.

“இப்ப குடிச்சிப் பாருங்க.”