மஞ்சள் நகப்பூச்சு

காரெட்டின் விளையாட்டுப் பையிலிருந்து மஞ்சள் நகப்பூச்சுப் புட்டி உருண்டு விழுந்தது.

"யாரோடது?" என்றாள் அவன் காதலி ஷெல்பி.

"என்னோடதுதான்."

"பொய்யையாவது ஒழுங்கா சொல்லுடா. யாரு அவ?"

ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று புட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

சந்தேகத்தோடு அவளும் போய், மைதானத்தின் எதிர்முனை வேலியோரம் நின்றாள். கல்லூரி பேஸ்பால் அணியில் அவன் கேட்சர்; மட்டையாளருக்குப் பின்னால் குந்தி பந்தைப் பிடிப்பவன். வெளிச்சம் மங்கியதும், எதிரே பந்து வீசும் நண்பன் வேடுக்கு, எப்படி வீசவேண்டுமென்று சைகை காட்ட விரல்களை நீட்டினான். நகமெல்லாம் மஞ்சள்.

ஆட்டம் முடிந்ததும் கேட்டாள்: "இதை ஏன்டா மறைச்ச?"

"வேடுக்குக் கண்ணு சரியாத் தெரியல, அவனுக்கு என் விரல் தெரியத்தான் இது. கோச்சுக்குத் தெரிஞ்சா டீமை விட்டே தூக்கிடுவாரு."

அதற்குள் கோச்சே வந்துவிட்டார். "நகத்துல என்னடா? வேடுக்குப் பார்வை சரியில்லையா?"

காரெட் விரல்களை மடக்கிக்கொண்டான்.

"நான்தான் பூசிவிட்டேன் கோச்," என்றாள் ஷெல்பி. "இவனுக்கு ஆள் இருக்குன்னு மத்த பொண்ணுங்களுக்குத் தெரிய வேண்டாமா?"