ஃப்ரீஸரில் இருந்த ட்ரே

சர்ச்சின் அடித்தளச் சமையலறை. துக்கத்துக்கு வருபவர்களுக்கான உருளைக்கிழங்கு ட்ரேயை ஓவனில் வைக்கப்போன மேவிஸ், அதில் ஒட்டியிருந்த டேப்பைப் படித்தாள். 'வெர்லின் அடக்கத்துக்கு.'

"என்னடி கோரீன், இது ஆர்டிஸ் கையெழுத்தாச்சே?"

"அவதான். புருஷனுக்கு மூணு மாசம்தான்னு டாக்டர் சொன்ன அன்னிக்கே செஞ்சு ஃப்ரீஸர்ல வச்சுட்டா. 'அந்த நேரத்துல எனக்குக் கை ஓடாதுடி'ன்னு சொன்னா."

"எல்லாத்துலயும் முந்திக்குவாளே, பாவி!" மேவிஸின் குரல் உடைந்தது. "இத யாரும் பாத்துடக் கூடாது."

டேப்பைப் பிய்த்துக் கைக்குள் கசக்கியபோது கதவு திறந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, தன் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார் வெர்லின்.

"அத ஏன் ஒளிக்கிற மேவிஸ்? எனக்குத் தெரியும்."

மேவிஸ் கசங்கிய டேப்பை மேசைமேல் வைத்தாள்.

"டாக்டர் எனக்குல்ல கெடு வச்சாரு? ஒரு நாள் தலைவலின்னு படுக்காதவ, வாசல்ல குமிஞ்ச பனியத் தள்ளிட்டு வரேன்னு போய் அங்கயே சுருண்டு விழுந்துட்டா."

ட்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தட்டுல உப்பு தூக்கலாப் போடு. திட்டுறவ, மேல சர்ச்சுல பெட்டிக்குள்ள படுத்திருக்கா."