உறையின் உள்பக்கம்

எழுபத்திரண்டு சோப்பு. ஒன்றின் மேல்கூட ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டிருக்கவில்லை.

அலமாரியைத் திறந்த கேமராக்காரர் வாயைப் பிளந்தார். உறை பிரித்த சோப்புகள், பழசு அடியில், புதுசு மேலே என்று செங்கல் மாதிரி அடுக்கி இருந்தன.

"மேடம், இவங்களா நம்ம ஆறு வருஷ வாடிக்கையாளர்? நல்லா காதுல பூ சுத்திட்டாங்க."

விளம்பர மேனேஜருக்கு முகம் சுண்டிப் போனது. கம்பெனியின் ஐம்பதாவது வருட விளம்பரமே இந்தத் தையல்கார அக்காவை நம்பித்தான் இருந்தது. வாடிக்கையாளர் கடிதம் எல்லாம் பழைய பேப்பருக்குப் போய்விடும். எப்படியோ தப்பிக் கிடந்த ஒரு ஃபைலில் இவருடைய கடிதங்கள் மட்டும் இருந்தன. மாதம் தவறாமல் ஒன்று. 'அருமையான சோப்பு' என்ற முதல் வரிக்கு மேல் மேனேஜர் படித்ததில்லை. "ஒரு பிராண்டைத் தூக்கி நிறுத்துறது இவங்க மாதிரி ஆளுங்கதான் சார்" என்று முதலாளி முன்னால் மார்தட்டிவிட்டு வந்திருந்தார்.

"சோப்பே போடாமதான் 'அருமையான சோப்பு'ன்னு எழுதினீங்களா?"

அக்கா மடியில் இருந்த சட்டையை ஓரமாக வைத்தார். கடைக்குப் பட்டன் தைத்துக் கொடுக்கிற வேலை. வீட்டில் அவரைத் தவிர ஆள் கிடையாது.

"எனக்கு எந்த சோப்பும் ஒத்துக்காது மேடம். பட்ட இடமெல்லாம் தடிச்சுப் போகும்."

"அப்புறம் எதுக்கு வாங்குறீங்க?"

"உறைக்கு உள்பக்கத்துலதானே எழுத இடம் விட்டிருக்கீங்க? 'உங்கள் கருத்தை எழுதுங்கள், பதில் நிச்சயம்'னு வேற போட்டிருக்கு. சோப்பு வாங்காம எப்படி எழுதுறது? வெறும் பேப்பர்ல எழுதினா மதிப்பீங்களோ, மாட்டீங்களோ."

கேமராக்காரர் சிரித்துவிட்டார்.

"பதில் வந்துச்சாக்கும்?" மேனேஜர் கிண்டலாகத்தான் கேட்டார். பதில் போடுகிற பிரிவை ஏழு வருடம் முன்னால் இழுத்து மூடியதே அவர்தான். வேலையில் சேர்ந்ததும் செய்த முதல் காரியம் அது. உறையில் இருந்த வரியை மட்டும் எடுக்கவில்லை. பார்க்க நன்றாக இருக்கிறதே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

"வராம? ஒரு மாசம் தவறினதில்லையே."

அக்கா ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே கட்டுக்கட்டாகக் கடிதங்கள். எல்லாமே 'எங்கள் சோப்பை விரும்புவதற்கு நன்றி' என்றுதான் ஆரம்பித்தன. அப்புறம்தான் விஷயமே.

'ஊசி கோக்கக் கண் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கண்ணாடி மாற்றியாயிற்றா?'

'கூரை ஒழுகுவது நின்றதா?'

'பிறந்தநாள் வாழ்த்துகள். தனியாக இருக்கிறோமே என்று சும்மா இருக்காமல், இனிப்பாக ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்கள்.'

கீழே, 'இப்படிக்கு, கம்பெனி.'

மேனேஜர் பிறந்தநாள் வரியை இன்னொரு தடவை படித்தார். இன்றைக்கு அவருக்கும் பிறந்தநாள்தான். காலையிலிருந்து வாழ்த்தியது பேங்கிலிருந்து வந்த மெசேஜ் ஒன்றுதான்.

"குட்டு உடைஞ்சுபோச்சு. இனிமே பதில் வராதா மேடம்?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "நாள் பூரா சட்டைங்களோடதான் இருக்கேன். நல்லா இருக்கியான்னு கேட்கிறது உங்க கம்பெனி ஒண்ணுதான்."

மேனேஜர் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'ழ'வின் வாலைச் சுருட்டிவிடுகிற கையெழுத்து. கம்பெனி கார் டிரைவர் ஓட்டக் கணக்கு எழுதும் வண்டி நோட்டில், தினமும் சாயங்காலம் இதே எழுத்துக்குக் கீழேதான் மேனேஜர் கையெழுத்துப் போடுகிறார்.

"வரும்க்கா" என்றார். "நீங்க எப்பவும் போல எழுதுங்க. இன்னைக்குப் படம் எடுக்கலை."

மாடிக்கு வரவே மாட்டேன் என்று கீழே காரிலேயே உட்கார்ந்துவிட்ட டிரைவர், மேனேஜர் படியிறங்கி வருவதைப் பார்த்ததும் வெளியே வந்து நின்றார்.

"பதில் எழுதுறது நீங்கதானா?"

டிரைவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"தப்புதான் மேடம். அந்தப் பிரிவை மூடினப்போதானே என்னை வண்டிக்கு மாத்தினீங்க? தபால் எடுத்துட்டு வர்ற வேலையும் சேர்ந்துச்சு. 'பதில் நிச்சயம்'னு நாமதானே போட்டிருக்கோம்னு இவங்க முதல் கடுதாசிக்கு எழுதிட்டேன். அப்புறம் விட மனசு வரலை."

"அத்தனை பேர் எழுதுறாங்க. இவங்களுக்கு மட்டும் ஏன்?"

"மத்தவங்க சோப்பைப் பத்தி எழுதுவாங்க மேடம். இவங்கதான் 'கம்பெனியில எல்லாரும் சௌக்கியமா'ன்னு கேட்டிருந்தாங்க." அவர் தரையைப் பார்த்தார். "மூட்டை மூட்டையா தபால் எடுக்குறேன். எனக்குன்னு ஒண்ணு வந்ததில்லை."

"மேல போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்க."

"வேண்டாம் மேடம். அவங்க எழுதுறது கம்பெனிக்கு. நான்னு தெரிஞ்சா நிறுத்திடுவாங்க."

கேமராக்காரரை அனுப்பிவிட்டு மேனேஜர் காரில் ஏறிக்கொண்டார். பாதி வழியில் முதலாளி போன் செய்தார். படம் எடுக்கவில்லை என்றதும் வாங்கு வாங்கென்று வாங்கினார். மேனேஜர் எல்லாவற்றுக்கும் "சரி சார்" என்றார். வீட்டு வாசலில் இறங்கும்போது வண்டி நோட்டில் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பூட்டைத் திறந்து உள்ளே போனார். விளக்கைப் போட்டார். வாங்கி வைத்திருந்த புது சோப்பு ஒன்றை எடுத்து, உறையைக் கிழியாமல் பிரித்து, மேஜையில் வைத்து நீவிவிட்டார்.

'அன்புள்ள கம்பெனிக்கு, சோப்பு அருமை. எல்லாரும் சௌக்கியமா? இன்றைக்கு எனக்குப் பிறந்தநாள்.'

அனுப்புநர் முகவரியை மட்டும், எங்கே படிக்க முடியாமல் போய்விடுமோ என்று, இரண்டு தடவை எழுதினார்.