சூரை மீன் சுற்றி வந்தது

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடை இருந்ததாம். அங்கே மீன் தட்டுகள் ஓடும் பட்டையில் ஏறி, மேசை மேசையாகத் தாமே வந்து விசாரிக்குமாம். அதைக் கேள்விப்பட்ட கடுவன் பூனை மூக்கையா, காலையிலிருந்து பட்டினி கிடந்து, காக்கை மாப்பிள்ளையோடு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று இடம் பிடித்தார்.

சூரை மீன் தட்டு வந்தது. “எடுத்துக்கிறீங்களா ஐயா?”

மூக்கையாவுக்கு எச்சில் ஊறியது. ஆனாலும் கேட்டவுடனே கை நீட்டினால் என்ன நினைப்பார்கள்?

“ஐயய்யோ, வேண்டாம். இப்பத்தான் சாப்பிட்டேன்.”

“சரிங்க” என்று தட்டு நகர்ந்துவிட்டது.

அவருக்குத் திக்கென்றது. “என்ன மாப்ள, இன்னொரு தரம் சொல்ல மாட்டாங்களா?”

“இது என்ன சம்பந்தி வீடா மாமா? கேட்டா எடு” என்றது காக்கை, ஏழாவது தட்டை வழித்தபடி.

தட்டு மறுபடி வந்தது. மூக்கையா நிமிர்ந்து உட்கார்ந்து மீசையை நீவிக்கொண்டார்.

“பயப்படாதீங்க ஐயா, கேக்க மாட்டேன். பின்னால வர்றவங்ககிட்டயும் சொல்லி வெச்சிட்டேன். ஒருத்தரும் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க.”

அப்படியே ஆயிற்று.

வெளியே வரும்போது வாசலில் கையாட்டும் பொம்மைப் பூனை கேட்டது: “அண்ணே, ரெண்டு துண்டு மீன் கட்டித் தரட்டுமா?”

“இருக்கட்டும்ப்பா, உனக்கெதுக்குச் சிரமம்” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“சரிங்கண்ணே.”

காக்கை ஏப்பம் விட்டுப் பறந்தது. மூக்கையா மட்டும் காதுகளைப் பின்னால் வாசல் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக நடந்து போனார்.