கந்தகப் புகை

இங்கிலாந்தின் ராச்டேல் ஊர்க் குளிரில், சிரில் கிழவர் தன் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலைக் கழுவி முடித்தார். போன வருஷம் தக்காளியை நாசமாக்கிய சிலந்திப்பேன் சாகவேண்டுமென்று உள்ளே கந்தகம் கொளுத்தி, கதவைப் பூட்டி, இடுக்கில் காகிதம் அடைத்தார்.

உள்ளே யாரோ இருமினார்கள்.

"எவன்டா அது? இப்பத்தானே மூலை மூலையாத் தேய்ச்சேன்!"

"தொறந்து விடுய்யா, செத்துடப் போறான்!" என்றாள் பக்கத்துத் தோட்டத்து மேவிஸ்.

திட்டிக்கொண்டே திறந்தார். புகைதான் வெளியேறியது. உள்ளே ஆளில்லை.

"உன் பேச்சைக் கேட்டு என் புகை போச்சு! இந்த வருஷமும் உன் தக்காளியைப் பார்த்து நான் ஏங்கணுமா?"

மறுபடி கொளுத்திப் பூட்டினார். மறுபடி இருமல். இந்தத் தடவை அவர் திறக்கவில்லை. மெல்ல மெல்ல இருமல் நின்றது.

கொஞ்ச நேரத்தில், பூட்டிக் கிடந்த மேவிஸின் குடிலுக்குள் யாரோ இருமினார்கள்.

"ஓகோ, அவன் உன் ஆளா?" என்று சீறினார் சிரில்.

மேவிஸ் பையிலிருந்த சாவியை எடுக்கவே இல்லை.