எந்தப் பூச்சிக்கும்

பாகூரில் பூச்சிமருந்துக் கடை வைத்த ஜெகநாதன், நோட்டீஸ் எழுத இரண்டு பேரைக் கூப்பிட்டார். எவர் எழுத்து பிடிக்கிறதோ அவருக்கு வேலை.

பள்ளிக்கூட வாத்தியார் சிங்காரவேலு, "இது விஷம். உடம்பில் படக்கூடாது" என்று ஆரம்பித்திருந்தார்.

"இன்னா வாத்தியாரே, விக்கச் சொன்னா வெரட்டி வுடுறீங்க?"

"உள்ளதத்தான் எழுதினேன்."

"உள்ளதச் சொன்னா ஈ காக்கா கூட கடைக்கு வராது."

தேர்தல் கூட்டங்களுக்கு வசனம் எழுதும் ராசு நீட்டிய தாளில், "எந்தப் பூச்சிக்கும் எமன்! உங்கள் வீட்டுக்குத் தோழன்!" என்று இருந்தது. ஜெகநாதன் அதையே அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டினார்.

மறுவாரம் வாத்தியார் வேர்க்க விறுவிறுக்கக் கடைக்கு வந்தார். "கிளாசுல ஒரு பொண்ணு மயங்கி வுழுந்துட்டா. தலையெல்லாம் உங்க மருந்து. ஆஸ்பத்திரில சேத்துட்டுத்தான் வரேன். பேனும் பூச்சிதானேன்னு அம்மாக்காரங்க தேச்சி அனுப்பியிருக்காங்க..."

"அதுக்கு நானா பொறுப்பு? அறிவுகெட்ட பொம்பள. எவ அவ?"

வாத்தியார் குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணு பொழச்சிக்குவான்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்க வூட்டம்மாதான் அங்க அழுதுகினே இருக்காங்க. வாங்க போலாம்."

வாத்தியாரின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனார் ஜெகநாதன். வழியெல்லாம் சுவரில் நோட்டீஸ். அவர் தலையைத் தூக்கவேயில்லை.